சென்சர் ஒன்று சொல்ல, திரை வேறொன்று காட்டினால்: டக் பெட்டிச் சனல்களில் பிழை பிடித்தல்

குளக்கட்டில் நீர்மட்டம் பதிகிறார்கள். தோட்டத்துச் சோலார் பம்பின் பற்றரி வோல்ற்றைப் பதிகிறார்கள். அரிசி ஆலையில் நெல் அவிக்கும் தொட்டியின் சூட்டைப் பதிகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருப்பதால், மாணவர்களின் ஆய்வு வேலையாகவே இப்படிப் பல பெட்டிகள் வன்னியில் அங்கங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. சென்சர் நல்லது, பெட்டி புதிது, சொஃப்ட்வெயாரும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. திரையில் வரும் எண்ணை மட்டும் நம்ப முடியவில்லை என்று நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

டக் பெட்டி என்று நான் சொல்வது, சென்சரின் வோல்ற்றை வாங்கி இலக்கமாக்கி லப்டொப்புக்குக் கொடுக்கும் எந்தப் பெட்டியையும்தான். அதில் சென்சரைக் கொழுவும் ஒவ்வோர் உள்ளீடும் ஒரு சனல். யூஎஸ்பியில் குத்தும் ஆய்வுகூடப் பெட்டியும் சரி, ஆர்டுயினோ என்ற சிறுகணினிப் பலகையோடு, வோல்ற்றை இலக்கமாக்கும் ஏடிஎஸ்1115 சில்லைச் சேர்த்து வீட்டிலே செய்ததும் சரி, நோய் ஒன்றுதான்.

சிக்னல் வயரை எல்லோரும் கவனமாகக் கட்டுவார்கள். திரும்பி வரும் வயரை, அதாவது மைனஸை, எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கே செருகுவார்கள். என் கைக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தத் திரும்பும் வயரில்தான் இருக்கின்றன. ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தச் சென்சரின் மைனஸ் ஏற்கெனவே வேறெங்காவது ஏர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, இல்லையா?

தொடாவிட்டால் அது மிதக்கும் சென்சர். பற்றரி, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் தெர்மோகப்பிள் (சூட்டைச் சிறு வோல்ற்றாக மாற்றும் சென்சர்), ட்ரான்ஸ்போமருக்குப் பின்னால் வரும் சிக்னல் எல்லாம் இந்த வகை. தொட்டுக்கொண்டிருந்தால் அது ஏர்த் ஆன சென்சர். கொதிகலனில் முடுக்கிய உலோக முனைத் தெர்மோகப்பிள், மோட்டர் பெட்டிக்குள்ளிருந்து வரும் சிக்னல், சுவர் பிளக்கில் ஓடும் கருவியின் வெளியீடு எல்லாம் அந்த வகை. மிதப்பதற்கு நீங்கள் ஒரு நங்கூரம், அதாவது பெட்டியின் கிரவுண்டோடு (பூச்சிய வோல்ற் முனையோடு) ஓர் இணைப்பு, கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஏர்த் ஆனதற்கு இரண்டாவது ஏர்த் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டு வரியையும் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டினாலும் தகும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. வீட்டுக் கரண்ட் 230 வோல்ற்றை எந்தச் சனலிலும் நேரே கொடுக்காதீர்கள். ரெசிஸ்டர் இரண்டு போட்டுக் குறைத்துக் கொடுக்கிறேன் என்பதும் வேண்டாம். அப்போது லப்டொப்பின் உலோக உடம்பே லைனில் தொங்கும். அதற்கென்று உள்ள ட்ரான்ஸ்போமரையோ, வயரைச் சுற்றிக் கவ்வும் கரண்ட் கிளாம்பையோதான் பயன்படுத்த வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்ரிமீற்றர், 1.5 வோல்ற் டோர்ச் பற்றரி, அரை அடி வயர், 10 கிலோ ஓமும் 100 கிலோ ஓமுமாக இரண்டிரண்டு ரெசிஸ்டர்.

முதலில் பெட்டியைச் சந்தேகியுங்கள், பிறகு விடுதலை செய்யுங்கள்

சென்சரைக் கழற்றுங்கள். சனலின் பிளஸையும் மைனஸையும் அரை அடி வயரால் சோட் பண்ணி, மைனஸைப் பெட்டியின் கிரவுண்டோடும் சேருங்கள். திரை பூச்சியத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அடுத்து டோர்ச் பற்றரியைக் கொடுங்கள். மல்ரிமீற்றர் 1.56 என்றால் திரையும் 1.56 ஐ ஒட்டிச் சொல்ல வேண்டும். இரண்டிலும் தேறினால் பெட்டியில் பிழையில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் சொஃப்ட்வெயாரைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிப் பொழுதைக் கழிப்பவர்களைத்தான் அதிகம் காண்கிறேன்.

ஒன்றும் கொழுவாத சனல் ஏதோ எண் காட்டுகிறது

விட்டுவிடுங்கள், இது கோளாறே அல்ல. திறந்து கிடக்கும் சனல் எதையும் சொல்லும். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யூஎஸ்பி 6009 போன்ற பெட்டியில், ஒரு வயரைக் கிரவுண்டுக்கு எதிராக அளக்கும் சிங்கிள் எண்டட் முறையில் வெறும் சனல் 1.4 வோல்ற் அளவில் நிற்பது அதன் உள் ரெசிஸ்டர் அமைப்பினால் வருவது. வேறு பெட்டிகளில் வெறும் சனல் பக்கத்துச் சனலைப் போலவே ஆடும். பயன்படுத்தாத சனல்களைக் கிரவுண்டோடு சோட் பண்ணிவிட்டால் கண்ணுக்கும் மனதுக்கும் நல்லது.

வாசிப்பு மெல்ல நகர்ந்து போய் உச்சியில் ஒட்டிக்கொள்கிறது

கொழுவியவுடன் சரியாக இருக்கும். சிறிது நேரத்தில் நகரத் தொடங்கும். கடைசியில் மேல் எல்லையிலோ கீழ் எல்லையிலோ போய் நின்றுவிடும். கழற்றிக் கொழுவினால் திரும்பவும் சரியாகி, திரும்பவும் நகரும்.

மிதக்கும் சென்சரை டிஃபரென்ஷியல் முறையில், இரண்டு வயரை மட்டும் கொண்டு கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். டிஃபரென்ஷியல் உள்ளீடு இரண்டு வயருக்கும் இடையிலான வித்தியாசத்தை அளக்கும். ஆனால் அந்த இரண்டு வயரும் பெட்டியின் கிரவுண்டிலிருந்து ஒரு எல்லைக்குள் இருந்தால்தான் அளக்கும். 10 வோல்ற் வீச்சுள்ள பெட்டிகளில் அந்த எல்லை பொதுவாக 10, 11 வோல்ற். உள்ளே இருக்கும் பெருக்கி மிகமிகச் சிறிய ஒரு கரண்டை இழுக்கும். அது திரும்பிப் போக வழி இல்லாததால் இரண்டு வயரும் சேர்ந்து மிதந்து மேலேறி, எல்லையைத் தாண்டிவிடும்.

தீர்வு ஒரு ரெசிஸ்டர். மைனஸிலிருந்து பெட்டியின் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் முதல் 100 கிலோ ஓம் வரை ஒன்றைப் போடுங்கள். தெர்மோகப்பிள் போலச் சொந்தத் தடை மிகக் குறைந்த சென்சராக இருந்து, அது உண்மையிலேயே மிதந்தால், ஒரு துண்டு வயரே போதும். சென்சரின் சொந்தத் தடை அதிகமென்றால் பிளஸிலிருந்து ஒன்று, மைனஸிலிருந்து ஒன்று என்று ஒரே அளவில் இரண்டு போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் இரைச்சல் சமமாக விழாது.

உள்ளீட்டில் ரெசிஸ்டர் வைத்துச் செய்த மலிவுப் பெட்டிகளில் இந்த நோயைக் காண்பது அரிது. உள்ளீட்டுத் தடை ஜிகா ஓமில் இருக்கும் விலை கூடிய பெட்டிகளில்தான் வரும். நல்ல பெட்டி வாங்கினவர்தான் அதிகம் திண்டாடுவார்.

திரை முழுக்க இரைச்சல், அலை அலையாக

இதுதான் பெரிய கதை. வேகமாகப் பதிந்து விரித்துப் பாருங்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே 20 மில்லி செக்கன் இருந்தால் அது 50 ஹேட்ஸ், வீட்டுக் கரண்டின் மூச்சு. அது மூன்று வழியால் வரலாம். எந்த வழி என்று தெரியாமல் ஃபில்டர் போடுவது, ஓட்டை எது என்று பார்க்காமல் கூரை முழுக்கத் தார் பூசுவது மாதிரி.

பரந்தன் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். நெல் அவிக்கும் தொட்டியில் கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்று. தொட்டியில் முடுக்கியிருந்த உலோகக் குழாயின் முனையோடு உள் வயர் ஒட்டவைத்த வகை. லப்டொப் இருந்தது கணக்குப் பார்க்கும் அறையில். ஆலைக்காரர் திரையைக் காட்டினார்.

“தம்பி, உமி ஊதுற மோட்டரைப் போட்டா சூடு கூடுது, நிப்பாட்டினா குறையுது. அவியல் அதே அவியல்தான். என்ன பெட்டி இது?”

“ஐயா, ஒருக்கா லப்டொப் சார்ஜரைக் கழட்டிப்போட்டு மோட்டரைப் போடுங்கோ பாப்பம்.”

கழற்றினார். கோடு நேரானது. மோட்டரைப் போட்டாலும் நிறுத்தினாலும் அப்படியே நின்றது. சார்ஜரைக் கொழுவினால் திரும்பவும் ஆட்டம்.

காரணம் இதுதான். தெர்மோகப்பிளின் மைனஸ் தொட்டி உடம்பு வழியாக ஆலையின் ஏர்த்தைத் தொடுகிறது. யூஎஸ்பிப் பெட்டியில் தனிப்படுத்தல், அதாவது சென்சர் பக்கத்தையும் லப்டொப் பக்கத்தையும் மின்தொடர்பில்லாமல் பிரித்து வைப்பது, கிடையாது. அதன் கிரவுண்ட் லப்டொப் வழியாக, சார்ஜரின் மூன்றாவது பின் வழியாக, கணக்கறையின் ஏர்த்தைத் தொடுகிறது. ஒரே கட்டடம்தான் என்றாலும், மோட்டர் ஓடும்போது அந்த இரண்டு ஏர்த்தும் ஒரே வோல்ற்றில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் மைனஸ் வயரைப் பிடித்துக்கொண்டு கரண்டாக ஓடுகிறது. இந்தச் சுற்றுத்தான் ஏர்த் வளையம். கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு பாகைக்குக் கொடுப்பது ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ற். ஒரேயொரு மில்லிவோல்ற் பிழை நுழைந்தால் திரையில் 24 பாகை பிழைக்கும்.

வழிகள் உண்டு. பெட்டியை டிஃபரென்ஷியலுக்கு மாற்றி, மைனஸைக் கிரவுண்டோடு சேர்க்கும் வயரைக் கழற்றலாம். முனை ஒட்டாத, உள்ளே காப்பிட்ட தெர்மோகப்பிளை வாங்கலாம்; புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். லப்டொப்புக்கும் பெட்டிக்கும் இடையே யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்றைப் போடலாம். ஆலையில் டிஃபரென்ஷியலே போதுமாக இருந்தது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு: சார்ஜரின் ஏர்த் பின்னை உடைப்பது, அல்லது இரண்டு பின் அடப்டர் போட்டு ஏர்த்தை வெட்டுவது. இரைச்சல் போகும், உண்மை. கூடவே ஆளைக் காக்கும் வழியும் போகும். நீராவியும் ஈரமுமான ஆலையில் இது விளையாட்டல்ல.

எந்த வழியைத் தேர்வது என்பதைக் கொழுவுமுன்னே மல்ரிமீற்றர் சொல்லிவிடும். ஏசி வோல்ற்றில் வைத்து, சென்சரின் மைனஸுக்கும் பெட்டியின் கிரவுண்டுக்கும் இடையே அளவுங்கள். சில மில்லிவோல்ற் என்றால் எப்படிக் கட்டினாலும் சமாளிக்கலாம். நூறு மில்லிவோல்ற்றுக்கு மேலே போய் ஓரிரு வோல்ற் வரை என்றால் டிஃபரென்ஷியல். பத்து வோல்ற்றை நெருங்கினால் தனிப்படுத்திய உள்ளீடு இல்லாமல் கை வைக்காதீர்கள். இதே அளவை டீசியிலும் ஒருமுறை பாருங்கள். ஏசியில் ஐம்பது, நூறு வோல்ற் என்று காட்டினால் பயப்படுமுன் லப்டொப் சார்ஜரைப் பாருங்கள். ஏர்த் பின் இல்லாத இரண்டு வயர்ச் சார்ஜர்களில், உள்ளே இருக்கும் இரைச்சல் வடிகட்டும் கப்பாசிட்டர் வழியாக லப்டொப்பின் உடம்பு கிட்டத்தட்ட பாதிக் கரண்ட் வோல்ற்றுக்கு மிதக்கும். உலோக உடம்பில் முழங்கையை வைத்தால் சுருக்கென்று கூசுவது அதனால்தான். கரண்ட் அளவு மிகக் குறைவு, ஆனால் சிக்னலைக் கெடுக்க அது போதும்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு. லப்டொப் பற்றரியில் ஓடும்போது இரைச்சல், பெட்டியின் கிரவுண்ட் ஸ்குரூவில் விரலை வைத்தால் அமைதி. அப்படியென்றால் வளையம் எதுவும் இல்லை, எல்லாம் மிதக்கிறது, நங்கூரம் கேட்கிறது. மேலே சொன்ன ரெசிஸ்டரைப் போடுங்கள்.

சார்ஜரைக் கழற்றியும் தொட்டும் ஒன்றும் மாறாவிட்டால் மூன்றாவது வழி: வயரே அன்டனாவாக இரைச்சலைப் பிடிக்கிறது. பம்பின் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டி ஒரே குழாயில் இழுத்திருப்பார்கள். பிரியுங்கள். பிளஸையும் மைனஸையும் ஒன்றோடொன்று முறுக்குங்கள். முறுக்கிய சோடி என்பது இந்த வேலையில் காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய லாபம். ஷீல்ட் வயர் (உலோக உறை சுற்றியது) என்றால் ஷீல்ட்டை ஒரு முனையில் மட்டும், வழமையாகப் பெட்டிப் பக்கம், கிரவுண்ட் பண்ணுங்கள். சென்சரே ஏர்த் ஆனதென்றால் சென்சர் பக்கம். இரண்டு முனையிலும் பண்ணினால் ஷீல்ட்டே புது வளையமாகிவிடும்.

வன்னிக்கென்று ஒரு சிறு குறிப்பு. மாரியில் அமைதியாக இருந்த பதிவு ஆடி ஆவணியில் இரையத் தொடங்கினால், ஏர்த் கம்பி இறங்கியிருக்கும் மண்ணைப் பாருங்கள். கோடையில் நிலம் வெடித்துக் காய்ந்துபோனால் ஏர்த்தின் தடை பல மடங்கு ஏறும். கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் நோய் அதுவா என்று தெரிந்துவிடும். கம்பியை ஆழமாக இறக்குவது மின் வேலைக்காரரின் பொறுப்பு, நீங்கள் செய்ய வேண்டாம்.

குளத்தில் இல்லாத அலை பதிவில் இருக்கிறது

நீர்மட்டம் ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் ஏறி இறங்குகிறது. காற்று இல்லை, கதவு திறக்கவில்லை. இரணைமடுவோ வவுனிக்குளமோ அப்படி மூச்சு விடாது.

நீங்கள் செக்கனுக்கு 10 முறை பதிகிறீர்களா? அதுதான். 50 என்பது 10 இன் மடங்கு. கரண்டின் ஒவ்வோர் ஐந்தாவது அலையிலும் அதே இடத்தில்தான் நீங்கள் புள்ளி வைக்கிறீர்கள். கரண்ட் சரியாக 50 ஹேட்ஸில் நின்றால் அந்த இரைச்சல் அசையாத ஒரு பிழையாகத் தெரியும். அது 50.02 ஆக நகர்ந்தால் 50 செக்கனுக்கு ஒருதரம் வரும் பெரிய, அழகான அலையாகத் தெரியும்.

சோதிப்பது சுலபம். பதியும் வேகத்தைச் செக்கனுக்கு 7 ஆக மாற்றுங்கள். ஏழேழு நாற்பத்தொன்பது, மிச்சம் ஒன்று. அதே இரைச்சல் இப்போது செக்கனுக்கு ஓர் அலையாக ஆடும். வேகத்தை மாற்ற அலையும் மாறினால் அது தண்ணீர் அல்ல.

தீர்வு வேகமாகப் பதிந்து சராசரி எடுப்பது. செக்கனுக்கு 1000 புள்ளி எடுத்து இருபது இருபதாகச் சராசரி பார்த்தால் ஒரு முழு 50 ஹேட்ஸ் அலை அடிபட்டுப் போகும். 200 ஆக எடுத்தால் இன்னும் நல்லது. வேகம் இல்லாத பெட்டி என்றால் உள்ளீட்டுக்கு முன் 1 கிலோ ஓமும் 100 மைக்ரோஃபரட்டும் போடுங்கள், 1.6 ஹேட்ஸுக்கு மேலே எல்லாம் மங்கத் தொடங்கும், 50 ஹேட்ஸ் முப்பதில் ஒரு பங்காகும். கப்பாசிட்டரின் மைனஸ் பக்கத்தைப் பார்த்துக் கட்டுங்கள். முக்கியம்: பதிந்து முடிந்த பிறகு சொஃப்ட்வெயாரில் ஃபில்டர் போட்டு இந்த அலையை எடுக்க முடியாது. அதற்குள் அது உண்மை போல வேடம் போட்டுவிட்டது.

இதே வகையில் இன்னொன்று, மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லாதது. நீர்மட்டம் நாளுக்கு இரண்டு முறை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியையும் இரவு பத்து மணியையும் ஒட்டி உச்சம். தண்ணீருக்குள் இறக்கும் அழுத்தச் சென்சரின் கேபிளுக்குள், வெளியே இருக்கும் வளியமுக்கத்தைச் சென்சருக்குக் கொண்டுபோகும் காற்றுக்குழாய் ஒன்று இருக்கும்; அதன் வாய் அடைபட்டிருக்கிறது. எங்கள் போன்ற வெப்ப நாடுகளில் வளியமுக்கம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் (வளியமுக்கத்தை அளக்கும் அலகு) என்பது தண்ணீரில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். கேபிளை வெட்டிச் சின்னதாக்கி முனையை ரேப்பால் இறுக்கச் சுற்றி வைத்தவர்களிடம் இது கட்டாயம் வரும். முனையைத் திறந்து, நீர் உறிஞ்சும் சிலிக்கா பையோடு உலர்ந்த பெட்டிக்குள் விடுங்கள்.

ஒரு சனலைத் தொட்டால் மற்றது அசைகிறது

பெரும்பாலான பெட்டிகளில் எட்டுச் சனலுக்கும் அளக்கும் சில்லு ஒன்றுதான். உள்ளே ஒரு சுவிட்ச் சனல் சனலாகத் தாவும். முந்தின சனலில் ஏறிய சார்ஜ் அடுத்த சனலில் இறங்கி முடியுமுன் அளந்துவிட்டால், முந்தினதன் நிழல் பிந்தினதில் விழும். சென்சரின் தடை கூடக் கூட நிழலும் கூடும். ஆர்டுயினோ ஊனோவின் சில்லுக்குச் சென்சர்த் தடை 10 கிலோ ஓமுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது என்பது அதன் தகவல் தாளிலேயே உள்ளது.

பதியும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். நிழல் மங்கினால் நோய் இதுதான். அதே சனலை இரண்டு முறை வாசித்து முதலாவதை எறிவது சுலபமான மருந்து. சரியான மருந்து, சென்சருக்கும் சனலுக்கும் இடையே ஒரு ஒப்-அம்ப் பஃபர், அதாவது சென்சரின் வோல்ற்றை மாற்றாமல் கடத்தும் ஒரு பெருக்கிச் சில்லு.

அசையாமல் நிற்கிறது, ஆனால் பிழையான எண்

இது ஆபத்தான வகை. ஆடும் கோட்டை எல்லோரும் சந்தேகிப்பார்கள். நேரான கோட்டை நம்பிவிடுவார்கள்.

சோலார் பற்றரி 12 வோல்ற்றைப் பாதியாக்க 100 கிலோ ஓம் இரண்டைத் தொடராகப் போட்டு, நடுவிலிருந்து எடுப்பது வழமை. மல்ரிமீற்றர் 6 காட்டும், அல்லது மிக அருகே காட்டும். ஆனால் பெட்டியின் உள்ளீட்டுத் தடையும் 100 கிலோ ஓம் என்றால், கீழ் ரெசிஸ்டரோடு அது பக்கத்தில் சேர்ந்து 50 ஆகிவிடும். திரையில் 4 வோல்ற். மல்ரிமீற்றரின் தடை பொதுவாக 10 மெகா ஓம் என்பதால் அது ஏமாறவில்லை. ரெசிஸ்டர்களை 10 கிலோ ஓமாகக் குறைத்தால் பிழை ஐந்து வீதத்துக்குள் வரும். 1 கிலோ ஓம் என்றால் மறந்தே விடலாம், ஆனால் பற்றரியிலிருந்து 6 மில்லி அம்பியர் இரவும் பகலும் ஒழுகும். உங்கள் பற்றரியின் அளவைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஏடிஎஸ்1115 இல் ஒரு பொறி உண்டு. அதன் வீச்சை 6.144 வோல்ற் என்று சொஃப்ட்வெயாரில் வைக்கலாம். அதைப் பார்த்து 5 வோல்ற் சென்சரைக் கொழுவிவிடுவார்கள். சில்லுக்கு 3.3 வோல்ற் சப்ளை கொடுத்திருந்தால் சென்சர் கொழுவும் எந்தப் பின்னும் அதற்கு மேல் 0.3 வோல்ற்றைத் தாண்டக் கூடாது. 6.144 என்பது அளவுகோலின் நீளம் மட்டும்.

எல்லாச் சனலும் ஒன்றாக, ஒரே விகிதத்தில் நகர்ந்தால் சென்சர்களை விட்டுவிடுங்கள். ஒப்பீட்டு வோல்ற்தான் நகர்கிறது. ஆர்டுயினோ ஊனோ வழமையாக யூஎஸ்பியின் 5 வோல்ற்றையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும். பக்கத்துத் துளையில் போன் சார்ஜ் போட்டால் அந்த 5 வோல்ற் 4.8 ஆகும், உங்கள் எண்கள் எல்லாம் கொஞ்சம் ஏறும்.

தெர்மோகப்பிளைச் சூடாக்கச் சூடாக்க எண் இறங்கினால் வயர் மாறிக் கிடக்கிறது. சிவப்பு என்றால் பிளஸ் என்று கை பழகிப்போன எங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அமெரிக்க முறைக் கே வகையில் மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ். சர்வதேச முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். நீளம் போதாமல் சாதாரணச் செப்பு வயரால் நீட்டியிருந்தால் எண் திசை மாறாது. ஆனால் நீட்டிய இடத்துக்கும் பெட்டிக்கும் இடையே எவ்வளவு சூட்டு வித்தியாசமோ அவ்வளவும் பிழையாகச் சேரும். கொதிகலன் பக்கத்தில் நீட்டினால் அது சின்னப் பிழை அல்ல.

நீர்மட்டம் மைனஸ் ஒன்றே கால் மீற்றர்

4 முதல் 20 மில்லி அம்பியர் கொடுக்கும் சென்சர்களுக்கு இது. 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றில் அந்தக் கரண்டை ஓடவிட்டால் 1 முதல் 5 வோல்ற் வரும். ஐந்து மீற்றர் சென்சர் என்றால் 1 வோல்ற் பூச்சிய மீற்றர், 5 வோல்ற் ஐந்து மீற்றர். சொஃப்ட்வெயார் மைனஸ் 1.25 மீற்றர் என்றால் சனலில் பூச்சிய வோல்ற் இருக்கிறது. அதாவது கரண்டே ஓடவில்லை. வயர் அறுந்திருக்கும், அல்லது 24 வோல்ற் சப்ளை நின்றிருக்கும், அல்லது பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். நான்கில் தொடங்கும் முறையின் சிறப்பே இதுதான். வற்றிய குளத்தையும் அறுந்த வயரையும் பிரித்துச் சொல்லிவிடும்.

இரண்டு வயர்ச் சென்சர் தானாகக் கரண்ட் உண்டாக்காது. 24 வோல்ற்றின் பிளஸிலிருந்து சென்சர், சென்சரிலிருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டரிலிருந்து 24 வோல்ற்றின் மைனஸ் என்று ஒரே சுற்றாக ஓட வேண்டும். ரெசிஸ்டரின் இரண்டு முனையிலிருந்தும் சனலுக்கு எடுங்கள். ரெசிஸ்டரைப் பெட்டியின் ஸ்குரூவில் தளர்வாகச் செருகிவிடாதீர்கள்: அது கழன்று விழுந்தால் 24 வோல்ற்றில் பெரும்பகுதி நேரே சனலுக்குப் போகும். ஐந்து வீத ரெசிஸ்டர் போட்டுவிட்டு நீர்மட்டம் சரியில்லை என்று சென்சரைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். ஒரு வீதம் அல்லது அதைவிடத் திருத்தமானதை வாங்குங்கள்.

செக்கனுக்கு ஒருதரம் முள் குத்துகிறது

நேரான கோட்டில், ஒரே இடைவெளியில், ஒல்லியான முட்கள். இடைவெளி ஒரு செக்கன் அல்லது சற்றுக் கூட. பக்கத்தில் யானை வேலி இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வேலி இயந்திரம் ஆயிரக்கணக்கான வோல்ற் துடிப்பைக் கணப்பொழுது விட்டு, ஏறத்தாழ ஒரு செக்கன் ஓய்வெடுக்கும். அந்தத் துடிப்பு திரும்பி வருவது நிலத்தின் வழியாக.

சிக்னல் கேபிளை வேலிக்கு இணையாக இழுக்காதீர்கள். கடக்க வேண்டியிருந்தால் நேர்குத்தாகக் கடவுங்கள். வேலி இயந்திரத்தின் ஏர்த் கம்பியில் உங்கள் பெட்டியின் ஏர்த்தைக் கட்டவே கூடாது. கம்பி சும்மா நிற்கிறது என்று கட்டிவிட்டால் ஒவ்வொரு துடிப்பும் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் முட்களைச் சராசரியால் அல்ல, இடைநிலையால் நீக்குங்கள்: ஐந்து புள்ளியை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். சராசரி முள்ளை மழுக்கிப் பக்கத்துப் புள்ளிகளிலும் தடவிவிடும்.

மழைக்குப் பிறகு, மின்னலுக்குப் பிறகு

முதல் மழையோடு எண்கள் அலையத் தொடங்கினால் சந்திப் பெட்டியைத் திறவுங்கள். எறும்புக் கூடு, பச்சை பிடித்த செப்பு, பல்லி முட்டை. இவை மூன்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஸ்குரூக்களைத் துடைத்துக் காயவைத்து, கேபிள் நுழையும் துளையைப் பெட்டியின் அடிப்பக்கத்துக்கு மாற்றுங்கள். கேபிளைத் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினால் வயர் வழியே வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

இடி அதிகம் இறங்கும் சித்திரையிலும் ஐப்பசியிலும், குளக்கட்டு வரை நீளும் கேபிள்தான் பலியாகும். மின்னல் நேரே விழத் தேவையில்லை. தூரத்தில் விழுந்தாலே நீளக் கேபிளில் வோல்ற் தூண்டப்படும். இரண்டு முனையிலும் மின்னல் தடுப்பான், பெட்டிப் பக்கம் அதற்குப் பின்னால் தொடராக ஒரு ரெசிஸ்டர், அதற்கும் பின்னால் மிஞ்சும் மிகை வோல்ற்றைத் தடுக்கும் ஒரு டிவிஎஸ் டயோட் என்று வரிசை வைக்கலாம். இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கைக் கழற்றும் பழக்கத்தை இவை எதுவும் ஈடு செய்யாது.

அடிபட்ட பெட்டியை உடனே எறிய வேண்டாம். ஆரம்பத்தில் சொன்ன சோட் சோதனையையும் பற்றரிச் சோதனையையும் ஒவ்வொரு சனலுக்கும் செய்யுங்கள். பெரும்பாலும் கேபிள் கொழுவியிருந்த சனல் மட்டும் செத்திருக்கும். சில வேளை சாகாமல், பற்றரிக்கு 1.56 க்குப் பதில் 1.49 என்று சொல்லும். அரைகுறையாகத் தப்பிய அந்தச் சனலைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த மாதம் வேறொரு மாணவர் அதை நல்ல சனல் என்று நம்பி எடுப்பார். அதன் ஸ்குரூவில் சிவப்பு ரேப் ஒட்டி, திகதியையும் எழுதிவிடுங்கள்.